ஸுஹறா மலையிலிருந்து விழவில்லை

1926ஆம் ஆண்டு ஆவணி மாதம், மன்னார் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் நடராசாவுக்குச் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் றஹீமா. காலஞ்சென்ற கலந்தரின் மனைவி. வயது முப்பத்தாறு. மன்னார்த் தீவு எருக்கலம்பிட்டியில், என் கூடப்பிறந்த மூத்தவரான நானா, துணி வியாபாரி மீராசாஹிபுவின் வீட்டில் வசிக்கிறேன். நானாவின் ஒரே மகள் ஸுஹறாவுக்கு வயது இருபது. அவளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தது நான். செஞ்சிக் கோட்டையில் அவளை நான் தள்ளிக் கொன்றதாக மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதற்கு நான் சொல்வதாவது:

ஸுஹறாவுக்கு நிக்காஹ் நிச்சயமான பின் நாகூர் தர்காவில் நேர்த்தி கொடுப்பதற்காக நானா, ஸுஹறா, நான் மூவரும் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். கப்பலிலேயே அவள் ஒரு நிலையில் இருக்கவில்லை. உட்காருவாள், எழும்புவாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கலியாணப் பயம் என்று நான் நினைத்தேன். நாகூரில் பாத்திஹா முடிந்ததும், திண்டிவனத்தில் நானாவுக்குத் துணிக்கடைக்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தபடியால் நாங்களும் கூடப் போனோம். அங்கே ஸுஹறா, செஞ்சியில் மராட்டியரின் மலைக்கோட்டை இருக்கிறதாம், இனி எப்போது இந்தப் பக்கம் வரப்போகிறோம், பார்த்துவிட்டு வருகிறோம் என்று வாப்பாவிடம் கேட்டாள். நானா கடைக் கணக்கில் இருந்தவர், “கெதியாப் போயிட்டு வாங்கோ” என்று மட்டும் சொல்லி மோட்டார் வண்டிக்கு ஏற்பாடு செய்தார்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் செஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்து ஒரே மதில். கோட்டைக் காவற்காரர் ஒருவர் கூட வந்து காட்டினார். களஞ்சியம், குதிரைக்கொட்டில், கலியாண மகால் எல்லாம் காட்டினார். ஸுஹறா ஒன்றையும் நின்று பார்க்கவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு பொம்பிளையின் முகத்தையும் பார்த்தாள், பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள். பெரிய மலையின் படிக்கட்டில் காவற்காரர் மூச்சுவாங்க நின்று, “மொகலாயர் படை ஏழெட்டு வருஷம் கீழே முற்றுகை போட்டிருந்துச்சும்மா. கடைசியில மராட்டிய ராஜா தப்பிச்சிட்டாரு” என்றார். அப்போது ஸுஹறா முதற்தடவையாக வாய் திறந்து, “அவரின்ரை பொஞ்சாதியவையும் தப்பினவையோ?” என்று கேட்டாள். “குடும்பத்தை இங்கேயே விட்டுட்டுத்தான் போனாரு” என்றார் அவர். அவள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மேலே ஏறினாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை பிளந்து ஆழமான பள்ளம் கிடக்கிறது. அதன் குறுக்கே ஒரு மரப்பாலம். அந்தப் பாலத்துக்கு அப்பால் ஒரு பொம்பிளை செருப்பைக் கையில் பிடித்தபடி தனியே நின்றார். ஸுஹறா பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். நான் பின்னால் போய் அவள் தோளைப் பிடித்தேன். அந்தப் பொம்பிளை முக்காட்டை விலக்கியதும், நானாவின் கலியாணத்தில் கண்ட முகம் என்று எனக்குத் தெரிந்தது. அவர் உம்மு குல்சூம். என் மதினி. ஸுஹறாவைப் பெற்ற தாய். அவர் பிறந்த ஊரான பரங்கிப்பேட்டையில் வாந்திபேதியில் மவுத்தாகிவிட்டார் என்று சொல்லித்தான் நானா குழந்தையோடு ஊருக்கு வந்தார். மவுத்தானவர்களுக்கு ஓதும் நாற்பதாம் நாள் கத்தம் அவருக்காக ஓதியபோது, வந்தவர்களுக்குப் பங்கிட நார்சாச் சோறு ஆக்கியது நான்.

அதன் பிறகு நாங்கள் மூவரும் பாலத்துக்கு அப்பால் பாறை நிழலில் இருந்தோம். போன வருடம் முத்துக்குளிப்புச் சலாபத்துக்கு வந்த செஞ்சிப் பக்கத்து வளையல்காரி ஒருத்தி தன்னிடம் உண்மையைச் சொன்னதாகவும், அவள் மூலமே இந்தச் சந்திப்புக்குச் சொல்லியனுப்பியதாகவும் ஸுஹறா சொன்னாள். மதினி அவளுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி என்னிடம் பேசினார். தன்னைத் தலாக் சொல்லி விலக்கிய நானா, தலாக் கொடுத்தவர் என்றால் மறுகலியாணத்துக்குப் பெண் கிடையாது என்று தன்னைச் செத்தவளாக்கிவிட்டதாகவும், பிள்ளையைக் கேட்டுக் கடல் தாண்டி வர ஆள்துணை இருக்கவில்லை என்றும், இப்போது செஞ்சியில் தமையனோடு இருந்து பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பதாகவும் சொன்னார்.

“நிக்காஹுக்கு நீங்கள் வரவேணும் உம்மா” என்றாள் ஸுஹறா.

“உங்க ஊர்ல நான் செத்தவளாச்சே. எப்படி வர்றது?” என்றார் மதினி.

அதைக் கேட்டதும் ஸுஹறா எழும்பிவிட்டாள். பாறை விளிம்புவரை போவாள், திரும்பி வருவாள். நான் அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். முறைப்பாட்டில் சொல்லப்படுவதுபோல் நான் தள்ளவில்லை, அந்த மலையில் நான் அவளைத் தொட்டது இந்த இரண்டு தடவைதான். அதன் பிறகு அவள், “மாமி, நான் வரேல்லை. வாப்பா இங்க வந்து, இவ உயிரோட இருக்கிறா எண்டு தன்ரை வாயால சொல்லட்டும். சொன்னால் அண்டைக்கே வாறன்” என்றாள். நான் கெஞ்சினேன், ஏசினேன். அவள் அசையவில்லை. பிறகு மூவருமாக மலையை விட்டு இறங்கினோம். அவள் தன் கால்களால்தான் இறங்கினாள். படிக்கட்டில் நின்ற காவற்காரரும் கூடவே இறங்கி வந்தார், அவரை விசாரிக்கலாம். மதினியின் வீட்டில் அவளை விட்டுவிட்டு நான் தனியே திண்டிவனம் திரும்பினேன்.

நடந்ததை மறைக்காமல் நானாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் சால்வையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். மறுநாள் என்னோடு செஞ்சிக்கு வந்தார். வீட்டுக்கு முன்னால் தெருவில் நின்றார். ஸுஹறா வாசலுக்கு வந்து, “உள்ளுக்கு வாங்கோ வாப்பா” என்றாள். மதினி உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. நானா வாசற்படியில் ஒரு கால் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். அதன் பிறகு போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

திரும்பி வரும்போது கப்பலில் அவர் என்னிடம், “பிள்ளை மலையால விழுந்திட்டாள் எண்டு சொல்லுவம்” என்றார். நான் மாட்டேன் என்றேன். ஊருக்கு வந்ததும் அவர் அப்படியே சொல்லிவிட்டார். மையித்து எங்கே, எங்கே அடக்கியது என்று சனம் கேட்டபோது அவர் ஒருவருக்கு ஒன்றும் இன்னொருவருக்கு வேறொன்றும் சொன்னார். மலையில் அவளோடு கூடப் போனது நான் என்றபடியால் சந்தேகம் என்மேல் வந்தது. ஒருத்திக்கு உயிரோடு கத்தம் ஓதியாயிற்று. இன்னொருத்திக்கும் ஓத நான் சம்மதியேன்.

சார்ஜன் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, வெளியே வாங்குப் பலகையில் இருந்த என் நானா கதவடிக்கு வந்தார். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், பொய் என்று சொல்லவில்லை. சார்ஜன் அவரிடம், “ஏதும் சொல்லப் போறீங்களோ?” என்று கேட்டார். அவர் சார்ஜனைப் பார்க்காமல் என்னிடம், “அவ எப்பிடி இருக்கிறா?” என்றார்.

ஸுஹறாவைக் கேட்கிறார் என்று நினைத்து, நீங்களே வாசலில் கண்டீர்கள்தானே என்றேன்.

“ஸுஹறா இல்லை. குல்சூம்” என்றார்.

“சுகமா இருக்கிறா நானா” என்றேன். அதன் பிறகு அவர் அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்து, தன்னுடைய வாக்குமூலத்தையும் எழுதும்படி சார்ஜனைக் கேட்டார்.

இதுவே நான் கண்டதும் செய்ததும். எவருடைய தூண்டுதலும் இன்றிச் சொன்னேன். வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று கண்டு, எனக்குத் தெரிந்த அறபுத்தமிழ் எழுத்தில் கையொப்பம் வைத்தேன்.

றஹீமா