பெயர் சொல்லாமல் கூப்பிட்டவள்

மாலை நாலரை மணி. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் பாதை கிடையாது... மணல்தான். இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல். நடுவில் கருப்பையா ஆசாரியும் அவர் மனைவி ராமுத்தாயும் மட்டும் நடந்துகொண்டிருந்தார்கள்.

இதோ இங்கே உட்கார்ந்திருக்கிற நம் மருதுவுக்குக் கருப்பையா பெரியப்பா முறை. வலையபட்டிக்காரர். எழுபத்திரண்டாம் வருஷம் நடந்தது. விளக்கைத் தூண்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

அவர்கள் மகன் அரசப்பன். பத்தொன்பது வயதில் தனுஷ்கோடிக்கு மரவேலைக்குப் போனவன். அறுபத்து நாலு புயலில் அந்த ஊரையே கடல் எடுத்துக்கொண்டது. அவன் உடல் கிடைக்கவில்லை. "ஒடம்பே கெடைக்கல. அப்பறம் எப்புடிச் செத்தான்னு சொல்லுறீக?" என்று கேட்டாள் ராமுத்தாய். எட்டு வருஷமாகக் காரியம் செய்ய விடவில்லை.

கருப்பையா ஒரு முடிவோடுதான் அவளை ராமேசுவரத்துக்கு அழைத்து வந்தார். மறுநாள் விடியலில் அக்கினி தீர்த்தத்தில் மகனுக்குத் திதி கொடுத்துவிடுவது. அவளிடம் சொன்னது வேறு. "சும்மா ஊர் பாத்துட்டு வருவோம்."

நல்ல பகல் அது. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது, "ஒங்ககிட்ட விட்டுருந்தா இன்னும் பாதிப் பாலந்தான் நின்னுருக்கும்" என்று அவர் தச்சுவேலையின் வேகத்தைக் கேலி செய்தாள். ராமர் பாதத்து மேட்டில் காற்று வாங்கினார்கள். இளநீர் குடித்தார்கள். அவள் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

"அங்குட்டும் போயிப் பாத்துட்டு வந்துருவமா?" என்றாள். எங்குட்டு என்று அவர் கேட்கவில்லை. மீன் லாரியில் சத்திரம் வரை வந்தார்கள். பிறகு தனுஷ்கோடிக்கு நடை.

கூரையில்லாத மாதா கோயில். மணலுக்குள் பாதி போன தண்டவாளம். கருவாட்டு நெடி... கொஞ்ச தூரத்தில் அதுவும் இல்லை.

ராமுத்தாய் கடலைப் பார்த்து நின்றாள்.

"கூப்புடப் போறேன்."

"வேணாண்டி."

"பேரச் சொல்ல மாட்டேன். பயப்புடாதீக."

உயிரோடு இருப்பவர் பெயரைச் சுடுகாட்டில் உச்சரிக்க மாட்டார்கள் நம் பக்கத்தில். ஊரே செத்த அந்த மணலும் சுடுகாடுதான்; அவளுக்கோ மகன் உயிரோடு இருந்தான். அதனால் பெயரை விட்டுவிட்டாள்.

"யய்யா... இருட்டப் போகுது. வீட்டுக்கு வாய்யா..."

அலைச் சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம்... அந்தக் கடலே காதுகொடுத்துக் கேட்பது மாதிரி. பிறகு மறுபடி அலை.

திரும்பி நடந்தார்கள். பின்னால் ஈர மணலில் கால் வைக்கும் சத்தம். சளக்... சளக்... கருப்பையா திரும்பவில்லை. அவள் திரும்பினாள். யாரும் இல்லை.

"வெரசா நடக்காதீக," என்றாள். "வரட்டும்."

மறுநாள் அவர் திதி கொடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. முதல் ரயிலில் ஊர் திரும்பினார்கள்.

மூன்றாம் நாள், விளக்கு வைக்கும் நேரம். கதவு தட்டும் சத்தம். ஈரக் கை தட்டுகிற மாதிரி... மெத்தென்று. கதவிடுக்கில் உப்பு வாடை.

"ஆத்தா..."

அரசப்பன் குரல் இல்லை.

"அம்மா..." இது சின்னப் பிள்ளை. அதற்குப் பின்னால், "உம்மா..." அதற்கும் பின்னால் இன்னொன்று. தெருக்கோடி வரைக்கும்...

"அடியே, தெறக்காத," என்றார் கருப்பையா. "நம்ம பய இல்ல."

"தெரியுதுங்க."

ராமுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் தன்னப் பெத்தவ கூப்புட்டான்னு நெனச்சு வந்துருக்குதுக. நாந்தானே பேரு சொல்லாமக் கூப்புட்டேன்..."

எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்தாள்.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். ராமுத்தாய் இப்போதும் ராத்திரிக்கு மூன்று படி அரிசி பொங்குகிறாள். வரிசையாக இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் படுக்கிறாள். விடிந்தால் இலையெல்லாம் காலி. அரசப்பனுக்கென்று போட்ட இலையில் மட்டும்... சோறு அப்படியே இருக்கிறது.