இரண்டு புள்ளி, ஒரு கோடு

சேதராப்பட்டிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"மூக்க எடுத்துட்டேன்டி," என்றாள்.

"யாரு மூக்க?"

"என் மூக்கத்தான். சாட்ல பேருக்குப் பக்கத்துல நகம் அளவுக்குத்தான் படம் தெரியும். போட்டோவ அப்படியே வச்சா கறை மாதிரி இருக்கு. அதான் கலர ரெண்டாக் குறைச்சேன். கண்ணுக்கு ரெண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. கோட்ட சிரிக்கற மாதிரி வளைச்சு உட்டேன்."

"எந்த போட்டோ?"

"விசாவுக்கு எடுத்தது. எங்க வூட்டுக்காரரு பாரீசுக்குப் போன மறுநாளு."

"பாத்துட்டு என்ன சொன்னாரு?"

"'இத எடுக்கறப்ப அழுதுக்கினு இருந்தியா'ன்னு கேட்டாரு. எந்த போட்டோன்னு நான் சொல்லவே இல்ல."

தோழி அவள் பக்கம் திரும்பினாள். புளியமர நிழல்கள் இருவர் தோளிலும் ஊர்ந்து போயின.

"ரெண்டு புள்ளியில அது எப்படித் தெரியும்?"

"தெரியல. நானும் அதையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."

"அப்புறம் படத்த மாத்திட்டியா?"

"இல்ல. சிரிப்ப மட்டும் அழிச்சுட்டேன்."