ரெண்டாவது அடுப்பு

தொட்டுப் பாருங்க சார், சுடுதா? அது அவங்க அடுப்பு. இந்தாண்ட இருக்கிறது எங்க அடுப்பு. நடுவுல ஓலத்தட்டி கீது பாருங்க, அத்தோட எங்க ஊடு முடிஞ்சிபோச்சு. அந்தாண்ட என் கொழுந்தன் லோகநாதன் ஊடு. ரெண்டு வாசப்படி, ரெண்டு ரேஷன் கார்டு. ஒரே குடும்பம் ரெண்டு வேல வாங்கிக் கம்பெனிய ஏமாத்திட்டாங்கன்னு மொட்டக் கடுதாசி வந்துச்சாம், நீங்களும் விசாரிக்கிறதுக்குக் கும்மிடிப்பூண்டிலருந்து இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சிக்கினு வந்துட்டீங்க. குந்துங்க. மோர் குடிக்கிறீங்களா? எழுதுறத அப்பால எழுதலாம்.

என் பேரா? பச்சையம்மா. ஊட்டுக்காரரு பேர நான் எப்பிடி சார் சொல்றது, உங்க பேப்பர்லயே இருக்குமே. போட்டிருக்கா? ம், அவரு தான். ஷிப்ட்டுக்குப் போயிருக்காரு. லோகுவும் அதே ஷிப்ட்டு. அண்ணன் முன்னால நடப்பாரு, தம்பி நூறு அடி பின்னால வருவான். போறது ஒரே கேட்டுக்கு.

எப்பப் பிரிஞ்சீங்களா? அதத் தான் சார் கேக்கணும். எங்க மாமனாரு செத்தப்ப பிரியல. ஏரி காஞ்சி, வெதநெல்லக் குத்திக் கஞ்சி வச்சிக் குடிச்சோமே, அப்பவும் பிரியல. அறுவத்தேழுல புது நெல்லு வந்து களம் ரொம்புச்சு, அப்பவும் பிரியல. எழுவத்தி நாலு ஆடி மாசம், கம்பெனிக்கு நெலம் எடுக்குறாங்க, நெலம் குடுக்குற குடும்பத்துக்கு ஒரு வேலன்னு தண்டோரா போட்டான் பாருங்க, ஒரே வாரத்துல ஊரே பிரிஞ்சிபோச்சு! நாப்பது குடும்பம் எம்பது ஆயிடுச்சு. பொம்பளைங்க எல்லாம் ஏரில மண்ணு வெட்டியாந்து அடுப்பு போட்டோம். ஆபீசர் வந்து பாத்தா ஊட்டுக்கு ஊடு ஈர அடுப்பு. மூணு வருசமாத் தனியா ஆக்கித் துன்றோம் சாமின்னு ஒருத்தி சொல்றா, அவரு வெரல வச்சா மண்ணுக்குள்ள எறங்குது.

சிரிக்கிறீங்க. அந்த ஆபீசர் சிரிக்கல சார். நெசமாவே சண்ட போட்டுப் பிரிஞ்சதுக்கு ஊர்க் கணக்கு எழுதுற கர்ணம் சாட்சி சொல்லட்டும், அப்ப தான் தனிக் குடும்பம்னு எழுதுவேன்னுட்டாரு. கர்ணத்துக்கு அந்த மாசம் பூரா அதே வேல. காலைல ஒரு ஊட்டு சண்ட, சாயங்காலம் ஒரு ஊட்டு சண்ட, நாற்காலி போட்டுக் குந்திக்கினு பாத்து எழுதினாரு. செருப்பத் தூக்குனவங்க, மண்ண வாரித் தூத்துனவங்க எல்லாம் பொழுது சாஞ்சா ஒரே சட்டிக் கொழம்ப ஊத்தித் துன்னாங்க.

எங்க மொற வந்துச்சு. எங்க ஊட்டுக்காரருக்குத் திட்டவே வராது சார். மாட்டக் கூட வாங்க போங்கன்னு தான் ஓட்டுவாரு. அவரு மொறைக்கிற அழகப் பாத்து லோகு களுக்குன்னு சிரிச்சிட்டான். கர்ணம் பேனாவ மூடிட்டாரு. கைக்கு வந்த வேல போவுது. நான் முன்னால பூந்தேன்.

இன்னா சொன்னனா? சொல்றேன் இருங்க. நான் வாக்கப்பட்டு வந்தப்ப அவனுக்கு ஆறு வயசு, தாயில்லாப் புள்ள. என் கையால தான் சோறு துன்னான். ஜுரம் வந்தா என் முந்தானையப் புடிச்சிக்கினு தான் தூங்குவான். அவனப் பாத்து ஊரு முன்னால சொன்னேன், இருவது வருசமா ஓசிச் சோறு துன்றியே, ஒரு நாய்க்குப் போட்டிருந்தா வாலாவது ஆட்டியிருக்குமேன்னு. சிரிப்பு நின்னுபோச்சு. மூஞ்சி கறுத்துப்போச்சு. பரவால்லியே, நல்லா நடிக்கிறானேன்னு எனக்கு ஒரே சந்தோசம். கர்ணமும் எழுதிட்டாரு.

அன்னிக்கு அவனுக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பு வச்சிக் கூப்ட்டேன். வரல. அவன் பொண்டாட்டி கோவிந்தம்மா, ஈரம் காயாத அந்த அடுப்புல கண்ணத் தொடச்சிக்கினு கஞ்சி காச்சினா. ரெண்டு வருசமாச்சு சார். சொம்மா சொன்னேன்டா, வேலைக்கோசரம் சொன்னேன்டான்னு எத்தினி வாட்டி சொல்லிட்டேன். ஒரே ஒரு தரம் பதில் பேசினான். நீ யோசிக்கக்கூட இல்லையே அண்ணி, வாயத் தொறந்தவொடனே வந்துச்சேன்னான்.

பொய்யின்னு சொல்லலாம். ஆனா பஞ்சத்தப்ப ஒரு நாள், சட்டி காலியாயிடுச்சு, எனக்கு ஒண்ணியும் இல்ல, அப்ப அப்பிடி நெனச்சிருக்கேன் சார். ஒரே ஒரு நாள். அது எங்க குந்திக்கினு இருந்துச்சோ, கர்ணம் பேனாவ மூடினவொடனே எழுந்து வந்துடுச்சு.

நாப்பது குடும்பத்துல நெசமாப் பிரிஞ்சது நாங்க தான். மத்தவன் எல்லாம் அடுப்ப இடிச்சிட்டு அந்த எடத்துல கோழி அடைக்கிறான். கடுதாசி மட்டும் எங்க மேல. நல்ல நாயம்.

ஒரே குடும்பம்னு எழுதினா ஒரு வேல போயிடும், தெரியும் சார். எங்க ஊட்டுக்காரரு வேலைய எடுத்துக்குங்க. லோகுது இருக்கட்டும். நெலமும் போயி வேலையும் போச்சுன்னா நாங்க யார் சோத்தத் துன்றது? அவன் தான போடணும். போடுவான் சார். அவன நான் வளத்தேன், எனக்குத் தெரியும். இருவது வருசம் முடியலன்னாலும், இருக்கிற வரைக்கும் நானும் அவன் ஊட்ல ஓசிச் சோறு துன்றேன்.

எழுதினது யாருன்னு கண்டுபுடிக்கணுமா? உங்களுக்கு எதுக்கு சார் அந்த பேஜாரு. ஆரம்பாக்கம் ஸ்டேசனாண்ட பாக்கியராஜ்னு ஒருத்தரு மனு எழுதுவாரு. நான் சொல்லச் சொல்ல அவரு தான் எழுதினாரு. மோர எடுத்துக் குடிங்க. ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு உடுவாங்க, எங்க ஊட்டுக்காரரு வர்றதுக்குள்ள எழுதிக்கினு கெளம்பிடுங்க.