நாலாவது ஆள்

இரவு பதினொன்றே முக்கால். யாஸ் ஊரைக் கடந்த பிறகு வரும் ஹியூம் நெடுஞ்சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. பனிமூட்டம்... பத்தடிக்கு அப்பால் ரோட்டே தெரியாது. பின்னால் திறந்த தட்டு உள்ள யூட் வண்டி, அதன் முன் இருக்கையில் மூன்று பேர். அப்போது முதுகுக்குப் பின்னால், கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

டொக். டொக்... டொக்.

இப்படித்தான் நான் தொடங்கினேன். நித்தி உடனே சிரித்துவிட்டான்.

"மரக்கிளை ஏதும் பட்டிருக்கும் அன்ரி."

"சிரியும், சிரியும். நாளைக்கு அதே ரோட்டில போறது நீர்தானே."

எழுபத்தேழாம் ஆண்டு, பெரிய வெள்ளிக்கு முதல் நாள் இரவு. சிட்னியில், லிட்கமில் எங்கள் வீடு. ஹீட்டரைச் சுற்றி நானும் என் மனுசன் வரதராஜாவும் நித்தியும் அவன் பெண்சாதி கமலினியும். அவர்களுடைய நாலு வயது மகள் சோபாவில் தூங்கிவிட்டாள். விடிய மெல்பேர்ணுக்குப் போகிறார்கள். இழுத்துக்கொண்டு போகிற வீட்டு வண்டி, புதுக் கரவன், வாசலில் நிற்கிறது. சாப்பாடு தொடங்கியதிலிருந்து நித்திக்கு ஒரே பேச்சு, அதை இழுக்கிற பிஃப்த் வீல் பற்றித்தான்.

பிஃப்த் வீல் என்றால் சில்லு இல்லை. யூட்டின் பின் தட்டில் பூட்டுகிற, லாடம் போன்ற ஒரு கனத்த இரும்பு. கரவனின் மூக்கு யூட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு வரும். அந்த மூக்கின் அடியில் ஒரு முளை. முளை இரும்புக்குள் போனதும் ஒரு தாடை அதைக் கவ்விப் பிடிக்கும். விடுவிக்க ஒரு கைபிடி. படுக்கை மூக்குக்குள்தான் இருக்கும், நேரே அந்த இரும்புக்கு மேலே.

"பிடிச்சா விடாது அன்ரி. அப்பிடிப் பார்த்துத்தான் வாங்கினனான்," என்றான் நித்தி.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிற தாதி. செத்தவர்களைக் கழுவித் துடைத்த கை இது. பேய் பிசாசு என்று நடுங்குகிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட எனக்கே இந்தக் கதை பிடிக்காது.

"இண்டைக்குப் பின்னேரம் கூடாரம் கடன் வாங்கப் போனனீங்களே, கிரவீனுக்கு... ரஞ்சினி வீட்டுக்கு. அவள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையே அன்ரி," என்றாள் கமலினி.

சொல்லமாட்டாள். ரஞ்சினி என் சிநேகிதியின் தங்கை. அவள் புருசன் கதிர்காமநாதன் எஞ்சினியர். போன வருசம் ஜூன் மாத நீண்ட வார இறுதிக்கு, அவர்களும் இதே போல ஒரு கரவனோடு மெல்பேர்ணுக்குப் புறப்பட்டார்கள். இவனைப் போலவே பிஃப்த் வீல் தேடி, பழைய வண்டிகளை உடைத்து விற்கிற ஒரு யார்டுக்குக் கதிர் போனான். அங்கே இரண்டு இருந்தன. ஒன்று புதிது. இரண்டு விரலால் இழுத்தாலே கைபிடி திறந்தது. மற்றது பழையது. அதற்கு இரண்டு கையும் வேண்டும், காலையும் ஊன்ற வேண்டும். மூடும்போதும் திறக்கும்போதும் இரண்டு சத்தம் கேட்கும். தாடை ஒன்று, பூட்டு ஒன்று. டக்... டக்.

"இழுத்த உடனே விடுறதெல்லாம் ஒரு பூட்டோ?" என்று சொல்லிப் பழையதை எடுத்துக்கொண்டான் கதிர்.

யார்டுக்காரன் நல்லவன், ஒளிக்கவில்லை. இது பிடித்தால் விடாது ஐயா, முந்தி இருந்த வண்டி தண்ணீருக்குள் போனபோதும் இது விடவில்லை என்றான். கதிரின் காதில் முதல் பாதிதான் ஏறியது. பிடிக்குமா என்று பார்த்தானே தவிர, விடச் சொன்னால் விடுமா என்று பார்க்கவில்லை.

புறப்படுகிற நேரம். கதிர், ரஞ்சினி, ஐந்து வயது வைதேகி... மூன்று பேர். மூன்று பேராகப் பயணம் போகக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாகக் கூட வைத்துக்கொள்வோம், போய்ச் சேர்ந்ததும் எறிந்துவிடுவோம். ரஞ்சினியும் அதைத்தான் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு கல்லு எடுங்கோவன்."

கதிருக்குப் பகிடி. அந்த இரும்பை உள்ளங்கையால் தட்டினான். "கல்லு என்னத்துக்கு? இவர்தான் எங்கட நாலாவது ஆள். பிள்ளை, அங்கிளுக்கு ஹலோ சொல்லு."

"ஹலோ அங்கிள்," என்றது பிள்ளை.

கூப்பிட்டாகிவிட்டது. அவ்வளவுதான்.

டொக். டொக்... டொக்.

அன்று இரவு யாஸுக்கு அப்பால், கதிர் வண்டியை நிறுத்தி இறங்கினான். கண்ணாடிக்கும் கரவன் மூக்குக்கும் நடுவில் மூன்றடி வெளி. கிளையும் இல்லை, கயிறும் இல்லை. டோர்ச் அடித்து இரும்பைப் பார்த்தான். இடைவெளி இல்லாமல் பூட்டியபடியே இருந்தது. கரவன் கதவு வெளியே பூட்டு, சாவி அவன் பையில். திறந்து உள்ளே பார்த்தான். ஒருவரும் இல்லை. மணம் மட்டும் இருந்தது... ஆற்றுச் சேற்று மணம். மூக்குப் படுக்கையில் கையை வைத்தான். மெத்தையின் நடுப்பகுதி, ஓர் ஆள் நீளத்துக்கு, ஈரம்.

ரஞ்சினியிடம் சொல்லவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறி ஓட்டினான். ஆம்பிளையள் இப்படித்தான்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எதிரே ஓர் ஆட்டு லொறி போனது. அதன் பிறகு ஒன்றுமில்லை. நடுவில் தூங்கிக்கொண்டிருந்த வைதேகி, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"அம்மா... அங்கிளுக்குக் குளிருதாம்."

"எந்த அங்கிள், குஞ்சு?"

"நாலாவது அங்கிள்."

ரஞ்சினி கத்திவிட்டாள். "நிப்பாட்டுங்கோ! இந்த இழவை இஞ்சையே கழட்டி விட்டிட்டுப் போவம்!"

அப்போது ஒரு மரப்பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். பலகைகள் தடதடவென்றன. அப்பால் சின்ன ஏற்றம். கதிர் ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பிள்ளைக்குக் குளிரும் என்று எஞ்சினை ஓடவிட்டான், சாவி உள்ளே. ரஞ்சினி டோர்ச் பிடிக்க இறங்கினாள். இறங்கும்போது, எப்போதும் செய்வது போல, பிள்ளை திறந்துகொண்டு ரோட்டில் இறங்கிவிடும் என்று இரண்டு கதவின் பூட்டுக் குமிழையும் அமுக்கிவிட்டாள்.

கரவனின் பின்சில்லு ஈரப் புல்லில் நின்றது. கீழே ஓடை. இருட்டில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் சரளைக்கல் நெரிபட்டது. பிறகு, மிக மெதுவாக... கரவன் பின்னால் வழுக்கத் தொடங்கியது. யூட்டையும் சேர்த்து இழுத்தது. சில்லுகள் சுற்றவில்லை, பூட்டியபடியே சறுக்கின. உள்ளே பிள்ளை.

கதிர் ஓடிப்போய்க் கதவை இழுத்தான். பூட்டு. மற்றக் கதவும் பூட்டு. "வைதேகி! வைதேகி!" என்று கண்ணாடியில் கையால் அறைந்தான். அந்தப் பிள்ளை அசையவே இல்லை. யூட் இன்னும் ஒரு முழம் பின்னால் போனது. ஓடிவந்து கைபிடியை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தான். அசையவில்லை. பாரம் இழுக்கும்போது தாடை இறுகும், திறக்காது. எஞ்சினியர் அல்லவா, அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. "விடடா! விடடா!" என்று அழுதான்.

ரஞ்சினி அவனைத் தள்ளிவிட்டாள். அந்த இரும்பின் மேல் கையை வைத்தாள். பனியில் ஐஸாக இருக்க வேண்டிய இரும்பு, இளஞ்சூடாக இருந்ததாம். என் சிநேகிதியிடம் அவள் சொன்னது இது. வீட்டுக்கு வந்த பெரியவர்களோடு பேசுகிற குரலில், மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள்... நீங்கள் இறங்குற இடம் வந்திட்டுது. இறங்குங்கோ."

டக்... டக்.

கைபிடியை ஒருவரும் தொடவில்லை.

கரவன் வயர்களை அறுத்துக்கொண்டு சரிந்தது. மரங்கள் முறிந்தன. பிறகு தண்ணீர்ச் சத்தம், பெரிதாக ஒருமுறை. யூட் நின்ற இடத்திலேயே நின்றது. கதிர் சில்லுக் கழற்றுகிற கம்பியால் கண்ணாடியை உடைத்துப் பிள்ளையைத் தூக்கினான். ஒரு கீறலும் இல்லை. இன்னும் தூக்கம்.

"அப்ப தப்பியிட்டினம்," என்றார் வரதராஜா. எப்போதும் அவசரம் அவருக்கு.

"பொறுங்கோ. வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறப்போன ரஞ்சினி, ஒரு காலை மேலே வைத்தபடி நின்றாள். மறுபடியும் மூன்று பேர். இவ்வளவும் நடந்த பிறகு, அந்த இருட்டில் மூன்று பேராக எப்படிப் போவது? குனிந்தாள். காலடியில், ஓடைக்கரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் எடுக்கலாமா என்று யோசிக்க அப்போது அவளுக்குப் புத்தி ஏது? நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

மெல்பேர்ணுக்குப் போய்ச் சேர்ந்ததும் பொலிஸ், டொக்டர், அழுகை. கல்லை எறிய மறந்துவிட்டாள். சிட்னிக்குத் திரும்பி ஒரு கிழமை கழித்துக் கைப்பையைத் திறந்தால், கல் ஈரம். குளிர்காலம்தானே என்று ஜன்னல் கட்டையில் காய வைத்தாள். காலையில் பார்த்தால் கல்லைச் சுற்றித் தண்ணீர் வளையம். துடைத்தாள். மறுநாளும் வளையம். கதிர் அதை ஓவனுக்குள் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தான். சாம்பல் நிறமாகக் காய்ந்து வந்தது. விடியப் பார்த்தால் ஈரம்... அதே சேற்று மணம்.

யார்டுக்காரனுக்குக் கதிர் போன் பண்ணினான். முந்திய வண்டி தண்ணீருக்குள் போனபோது, கரவனுக்குள் ஒரு வயதானவர் படுத்திருந்தாராம். எந்த ஓடை என்று கதிர் கேட்கவில்லை. கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

"இப்ப அந்தக் கல்லு எங்கை அன்ரி?" நித்தியின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"போன மாசம்தான் ரஞ்சினி தூக்கி எறிஞ்சவள். தூரத்தில எங்கையும் கொண்டுபோய் எறியப் பயத்தில, வாசல் பூப்பாத்திக்குள்ள போட்டிட்டாள்."

கமலினி நித்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் எல்லாம் வெளுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"அன்ரி..."

"என்ன பிள்ளை?"

"நாளைக்கு நாங்கள் மூண்டு பேர்தானே போறம்... ரஞ்சினி அக்கா கூடாரம் எடுக்க உள்ளுக்குப் போன நேரம்... வாசல்ல... பூப்பாத்தியில..."

சோபாவின் தலைமாட்டில் இருந்த தன் கைப்பையைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். பையின் அடியில், சோபாத் துணி வட்டமாகக் கறுத்திருந்தது.

எறிந்துவிடு என்று சொல்ல வாய் திறந்தேன். எங்கே எறிவது? எங்கே இறங்கச் சொல்வது? ஒருவரும் எழவில்லை, ஒருவரும் அதைத் தொடவில்லை.

கமலினியின் மகள் தூக்கத்தில் முனகினாள். கண்ணைத் திறக்காமலே சுவரோரமாகக் கொஞ்சம் தள்ளிப் படுத்து, போர்வையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள்.