கட் பண்ணாத போன்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று இரண்டு அரிசி மில் என் பெயரில் ஓடுகிறது. ஒருவர் வாயைத் திறந்தாலே சங்கதியை எடை போட்டுவிடுவேன். ஆனால் மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள் தன் தங்கையிடம் சொன்னது எனக்கே முதலில் விளங்கவில்லை.

“பேசுறதுக்கா அன்லிமிட்டெட் போட்டேன்? கேக்குறதுக்குடி.”

காதில் பட்டன் போன். தன் குரல் அந்தப் பக்கம் போய்விடாமல், அதன் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் பொத்தியிருந்தார்.

“ஒண்ணும் சொல்லாம பஸ் ஏத்திட்ட. உன் பொண்ணு என்னதான்க்கா சொல்லுது?”

“அது எங்க பேசுது? மாப்பிள்ளை குடிச்சுட்டு வந்தா எனக்கு போன் போட்டு, அரிசி டின்னுக்குப் பின்னாடி வச்சிரும். நடக்குறதையெல்லாம் நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். அவன் அடிச்சு ஓஞ்சதும் எடுத்து, ‘போய் வேலையைப் பாரும்மா’ன்னு கட் பண்ணிரும். இன்னைக்கு விடிஞ்சதுலேருந்து கட் பண்ணலை.”

“நீ கட் பண்ணிட்டு திரும்பப் போடேன்.”

“மணி அடிச்சா அவன் போனைக் கண்டுபிடிச்சிருவான்டி.”

“இப்ப அவன் சத்தம் கேக்குதா?”

“இல்லை.”

“பொண்ணு சத்தம்?”

கண்டக்டர் விசில் ஊதினார். அந்த அம்மாள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

“மாடு கத்துது. ரொம்ப நேரமா கத்துது. என் பொண்ணு எழுந்து நடமாடுற நிலைமையில இருந்தா, மாட்டைக் கத்த வுடாதுடி.”