செத்த குட்டிக்குச் சாட்சி கேட்காத யோகேஸ்வரன்

யோகேஸ்வரன் போன வெள்ளிக்கிழமை காலை இறந்துவிட்டார். இருதய வால்வு பழுதாகி இறந்தார் என்று மரண அத்தாட்சிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. அது பாதி. மீதியைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

தலைமை தாங்கும் கோயில் சபைத் தலைவர் அவர்களே, தோட்டத் தலைவர்மார்களே, கந்தப்பளையிலிருந்து மழையோடு பஸ் ஏறி ராகலைக்கு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அன்னாரின் துணைவியார் சுதர்ஷினி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டு வியாபாரி முத்துலிங்கத்தை மேடையில் ஏற்றியது யார் என்று முன்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். பத்தொன்பது வருடம் எனக்கும் அவருக்கும் போட்டி. இரண்டு பேருக்கும் ஒரே தொழில். தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருக்கும் குடும்பங்களுக்குப் பெட்டை ஆடு கொடுப்போம், அவர்கள் வளர்ப்பார்கள், பிறக்கும் குட்டிகளில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. என் ஆடுகள் கொழுத்தவை. என்னிடம் லொறி இருந்தது, அவரிடம் இல்லை. ஆனாலும் சனம் யாரிடம் போனது? யோகேஸ்வரனிடம். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இந்தக் கூட்டத்தைப் பார்த்து இப்போதும் எரிகிறது. நான் செத்தால் இதில் கால்வாசி வருமா?

வித்தியாசம் ஒன்றுதான். குட்டி செத்துப் பிறந்தது என்று வளர்ப்பவர்கள் சொன்னால், அந்த வாய்ச்சொல்லை அவர் நம்பினார். நான் நம்பவில்லை. நல்ல குட்டியை விற்றுவிட்டுச் செத்துப்போனது என்பார்களோ என்ற சந்தேகம் எனக்கு. அதனால் செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் உரப்பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சட்டம் வைத்தேன். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்?

ஆறு வருடத்துக்கு முன், கந்தப்பளையில் காளியாயி வளர்த்த என் ஆடு நாள் வருமுன்னே குட்டி போடத் தவித்தது. காளியாயி எனக்குச் சொல்லியனுப்பவில்லை, யோகேஸ்வரனைக் கூப்பிட்டார். அவர் வெறுங்கையை விட்டு இரண்டு செத்த குட்டிகளை எடுத்து ஆட்டைக் காப்பாற்றினார். மறுநாள் பையோடு வந்த காளியாயியிடம் சண்டை பிடித்தேன்.

"என் ஆட்டுக்கு அந்தாள ஏன் கூப்பிட்டீங்க?"

"நீங்க வந்தா பையப் பாப்பீங்க மொதலாளி. அவரு வந்தா ஆட்டப் பாப்பாரு."

மூன்று வாரத்துக்குள் காளியாயிக்கும் யோகேஸ்வரனுக்கும் காய்ச்சல், தலையிடி, இருமல். ஒரு டாக்டர் ஃபுளூ என்றார், இன்னொருவர் எலிக்காய்ச்சல் என்றார். காளியாயிக்குத் தானாக விட்டது. யோகேஸ்வரனுக்கு விட்டதுபோல விட்டு, உள்ளே இருந்து இருதயத்தை அரித்தது. ஐந்து வருடம் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினார். போன வருடம்தான் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா "என்ன தொழில் செய்றீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் இரத்தம் பரிசோதனைக்குப் போனது. கியூ காய்ச்சல் என்று பதில் வந்தது. ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்கு வருவது. கரு கலைந்த ஆட்டின் நஞ்சுக்கொடியில் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்குமாம். காய்ந்து தூசியானால் மூச்சோடு ஏறுமாம். ஆடு பார்வைக்குச் சுகமாகவே நிற்கும். தெரிந்தபோது வால்வு போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் என் கடைக்கு வந்தார். படி ஏற மூச்சு இல்லாமல் கீழேயே நின்றார்.

"அண்ணே, அந்தப் பைய நிப்பாட்டுங்க. வயித்துல புள்ளையோட இருக்கிறவங்களும் தூக்கிட்டு வாறாங்க. அவங்களுக்கு இது ரொம்பக் கெடுதியாம்."

"என் சட்டத்த ஒடைச்சு என் ஆளுங்கள இழுக்கப் பாக்குறீங்களா?"

சிரித்தார். "இழுத்துட்டுப் போய் எங்கண்ணே வைக்கிறது? எனக்கே எடம் பாத்தாச்சு."

அப்போதும் நான் நிறுத்தவில்லை. எட்டு மாதத்தில் இன்னும் பதினொரு பை வந்தது. விஷயம் புரியாமலா? புரிந்தது. யோகேஸ்வரன் சொல்லி முத்துலிங்கம் கேட்டான் என்று ஊர் பேசுமே என்ற பொறாமை. அந்தப் பதினொரு பேரும் நாளைக்கே போய் இரத்தம் கொடுக்க வேண்டும். லொறி நான் அனுப்புகிறேன். மற்றவர்களும் காய்ச்சல் என்று போனால், ஆடு வளர்க்கிறோம் என்று டாக்டர் கேட்குமுன் சொல்லுங்கள். ஆட்டுக்குக் கரு கலைந்தால் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். இதையெல்லாம் சொல்வது யோகேஸ்வரன் வேலையாக இருந்தது. இனி என் வேலை.

அவருடைய அறுபத்துநான்கு ஆடுகளையும் பொறுப்பெடுக்கிறேன் என்று நேற்று சுதர்ஷினியிடம் போனேன்.

"தாறேன். ஆனா அவரு சட்டம்தான். ஒங்க ஆட்டுக்கும் சேத்து" என்றார்.

பேரம் பேசிப் பார்த்தேன். அவர் இறங்கவில்லை. பேசி முடித்த நிபந்தனைகளை ஊரறியச் சொல்கிறேன். குட்டிகள் வழமைபோலப் பாதிப்பாதி. யோகேஸ்வரனின் ஆடுகளில் எனக்கு வரும் பங்கில் சரிபாதி சுதர்ஷினிக்கு. செத்த குட்டிக்கு வாய்ச்சொல் போதும், நட்டம் என்னுடையது. பை எதுவும் கடைக்கு வரக்கூடாது. கையுறை போட்டு, சுண்ணாம்பு தூவி, அங்கேயே ஆழமாகப் புதைக்க வேண்டும். கர்ப்பிணிகள் பக்கத்தில் போகக்கூடாது. கையுறையும் சுண்ணாம்பும் என் செலவு. கடைப் பலகையில் யோகேஸ்வரன் பெயர் மேலே, என் பெயர் கீழே.