முப்பத்தஞ்சு தாண்டோணும்

— இன்னொருக்கால் பாரும் ப்ரீத்தி. வெள்ளிக்கிழமைக்கு எத்தினை டிகிரி போட்டிருக்கு?

— இப்பதானே பார்த்தேன் சுஜி. முப்பத்திமூணு.

— காலமை முப்பத்தாறு எண்டல்லோ கிடந்தது?

— மாத்திட்டாங்க. சனிக்கிழமை வர வேண்டிய குளிர்காத்து வெள்ளி காலையிலேயே வந்துடுமாம்.

— அறுவான். அதுக்கென்ன இப்ப அவசரம்?

— மெல்பர்ன்ல எல்லாரும் ஏசிக்கு முன்னாடி உக்காந்து அந்தக் காத்து எப்ப வரும்னு கேட்டுட்டிருக்காங்க. வெயில் வேணும்னு வேண்டிக்கிற ஒரே ஆள் நீங்கதான்.

— வேற என்ன செய்யிறது? முப்பத்தஞ்சு தாண்டினால்தான் கூரை வேலையை நிப்பாட்டி எங்களை வீட்ட விடுவாங்கள்.

— லீவு கேட்டுப் பார்த்தா என்னங்க?

— முதலாளிட்டக் கேட்டனான். ட்ருகனினாவில கட்டுற புது வீடுகளைக் கிறிஸ்மஸுக்கு முதல் முடிக்கோணுமாம். வெயிலைக் கேள் எண்டு சிரிக்கிறான் மனிசன்.

— விடுங்க. வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு நான் தனியாவே போயிக்கறேன்.

— அந்தக் கதையே வேண்டாம். போனமுறை, துடிப்பு நிண்டுபோன அந்தப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தவ ஒண்டும் சொல்லாமல் திரையை மற்றப் பக்கம் திருப்பேக்க, உம்மட கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். இந்தப் பிள்ளைக்கு என்ன எண்டாலும் இந்தமுறையும் நான் நிக்கோணும்.

— நான் அப்ப திரையைப் பார்க்கல சுஜி. உங்க முகத்தைத்தான் பார்த்தேன்.

— அழுதனான்தான். அதுக்கென்ன?

— அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்ல.

— சரி சரி, அழாதையும். ஏன் இப்ப ஃபோனை என்ர கையில தாறீர்? வெள்ளிக்கு வெயில் கூடிட்டுதோ?

— இது வெதர் இல்ல. ஸ்கேனை இன்னைக்கே மாத்தி வாங்கிட்டு, உங்ககிட்ட சொல்லாம போயிட்டு வந்துட்டேன். சத்தத்தைக் கூட்டி வெச்சுக் கேளுங்க.

— என்ன இது, குதிரை ஓடுற மாதிரி?

— நம்ம குழந்தையோட இதயம். நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க.

— பொறும், காதில வைச்சுக் கேக்கிறன்.

— சுஜி? சொல்லாம போனேன்னு கோவமா?

— கோவம்தான். பிறகு கோவிக்கிறன்.

— வெள்ளிக்கிழமை முப்பத்திமூணுதான். பரவால்லையா?

— குளிர்காத்து நாளைக்கே வரட்டும். நீர் அந்தச் சத்தத்தை இன்னொருக்கால் போடும்.